வளைப் பள்ளியும் மரத்தடிப் பள்ளியும்

ஒரு காட்டில் முள்ளம்பன்றிகளுக்கு நடந்த கொடுமைகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. வரிசை முக்கியம். எது முதலில் நடந்தது என்பதை மறந்தவர்களிடம், "உங்களுக்கு எதுவுமே நடக்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் கொடுமை, தண்ணீர். ஆற்றுத் துறையில் மான் குடித்து, மந்தி குடித்து, காட்டெருமை இறங்கிக் கலக்கிய பிறகு மிஞ்சும் சேற்றைத்தான் முள்ளம்பன்றி குடிக்க வேண்டும்.

இரண்டாவது, பேச்சு. காட்டுக் கூட்டத்தில் முள்ளம்பன்றி வாய் திறந்தால், "முள்ளுக்கு எதற்கு வாய்?" என்று மந்திகள் கிளையிலிருந்து கொட்டை எறியும்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். ஆற்றங்கரை மருத மரத்தடியில், எல்லா விலங்குகளின் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி என்று சொல்லி ஒன்றைத் திறந்தார்கள். திறந்த கையோடு அதைச் சுற்றி இலந்தை முள்ளை வெட்டி வேலி போட்டார்கள். முள்ளம்பன்றிப் பிள்ளைகள் உள்ளே வந்தால் மற்றப் பிள்ளைகளைக் குத்திவிடுமாம். முள் வராமல் இருக்க முள்ளால் வேலி! இப்படிப்பட்ட அறிவாளிகள்தான் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்.

அந்த வேலியைத் திறக்க வைத்தவள் தும்பை என்னும் முள்ளம்பன்றி. அப்போது அவள் இளையவள். தன் இனத்தாரைத் திரட்டிக்கொண்டு போய், துறைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே படுத்தாள். அத்தனை பேரும் முள்ளை நிமிர்த்திக்கொண்டு படுத்தார்கள். நடுக் கோடை. காட்டெருமையாலும் அவர்களைத் தாண்ட முடியவில்லை. செந்நாய்களை ஏவிவிட்டுப் பார்த்தார்கள். வந்தவை முகமெல்லாம் முள்ளோடு அழுதுகொண்டே திரும்பின. தும்பையின் அண்ணன் அந்த வெயிலில் நாக்கு வறண்டு செத்துப்போனான். அவனைப் புதைத்துவிட்டு வந்து, தும்பை மறுபடியும் அதே இடத்தில் படுத்தாள்.

பிறகுதான் வேலி திறந்தது. அது யாரும் இரங்கிக் கொடுத்தது அல்ல. படுத்து வாங்கியது.

நான்காவது கொடுமை வேலிக்கு உள்ளே நடந்தது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

காலம் போயிற்று. தும்பைக்குக் கருவேலன் என்ற பொறுமைசாலியோடு திருமணம் ஆயிற்று. ஒரு மகள் பிறந்தாள். நொச்சி என்று பெயர் வைத்தார்கள். நொச்சிக்கு முள் கறுத்து நிமிர்ந்ததும் பள்ளியில் சேர்த்தார்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் இருவாய்ச்சி என்னும் பெரிய அலகுப் பறவையான வாத்தியார் தாழ்ந்த கிளையில் வந்து உட்காருவார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தாயின் பெயரோடு சேர்த்து உரக்கச் சொல்வார். பெயர் சொல்லப்பட்ட பிள்ளை "உள்ளேன்" என்று சொல்லக் கூடாது. ஆபத்து வந்தால் தன் இனம் எப்படிக் கத்துமோ அப்படிக் கத்திக் காட்ட வேண்டும். மந்தி இருமும். மான் முன்காலால் தரையை உதைத்துக் குரைக்கும். மயில் அகவும். காட்டுக்கோழி கொக்கரிக்கும். முன்னோர் வைத்த வழக்கம். ஏன் வைத்தார்கள் என்று வாத்தியாரும் கேட்டதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை. கத்தினால் தொண்டைக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் நொச்சி பள்ளியிலிருந்து தலை குனிந்து வந்தாள்.

"இன்னைக்கு என்ன பாடம்?" என்று தும்பை கேட்டாள்.

"தெரியலம்மா. மரத்துக்குப் பின்னால உட்கார வைச்சாங்க. ஒண்ணும் கேக்கல."

"உன் பேரைக் கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. 'முள்ளு வந்திருக்கா?'ன்னு வாத்தியார் கேட்டாரு. 'வந்திருக்கு, வந்திருக்கு, வாசம் வருது'ன்னு மந்திப் பையன் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ குரல் கொடுக்கலையா?"

"வாலை உலுக்கப் போனேன். 'வேண்டாம், வேண்டாம், காது கூசுது'ன்னு தடுத்துட்டாரு. என்னைக்குமே அப்படித்தான்மா."

முள்ளம்பன்றி ஆபத்தைக் கண்டால் வாலில் உள்ள வெற்று முட்களை உலுக்கும். கலகலவென்று ஓசை வரும். அதுதான் அதன் குரல். வேறு குரல் அதற்கு இல்லை.

தும்பை எழுந்தாள். நேரே மருத மரத்துக்குப் போனாள். வாத்தியார் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"என் மகளுக்குப் பேர் இருக்கு, வாத்தியாரே."

"இருக்கட்டுமே. நான் இல்லைன்னு சொன்னேனா?"

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

இருவாய்ச்சி பழத்தை மேலே எறிந்து அலகால் பிடித்து விழுங்கியது. "அம்மா, உள்ளே இடம் வேணும்னு கேட்டீங்க. கொடுத்தாச்சு. இப்போ பேரும் வேணுமா? நாளைக்கு என் கிளையையும் கேப்பீங்களோ?"

வேலியின் ஓரமாக நின்ற காட்டுக்கோழிகள் கெக்கெக்கென்று சிரித்தன.

தும்பைக்கு முள்ளெல்லாம் நிமிர்ந்தது. ஆனால் வேலிக்கு வெளியே நின்று போராடத்தான் அவளுக்குப் பழக்கம். உள்ளே இருப்பவரின் ஏளனத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கரையான் புற்றின் பின்னாலிருந்து நரி வந்தது.

"வணக்கம், தலைவி! எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். என் நெஞ்சே வெடிச்சிடும் போல இருந்துச்சு."

"உங்க நெஞ்சா? வேலி போடுற யோசனையைக் கூட்டத்துல சொன்ன நெஞ்சுதானே அது?"

"அது அந்தக் காலம், அக்கா. இப்போ திருந்திட்டேன்." நரி பல்லைக் காட்டியது. "ஒண்ணு கேக்குறேன். உங்களை விட இந்தக் காட்டைத் தெரிஞ்சவங்க யாரு? கிழங்கு எங்கே இருக்கு, காத்து எந்தப் பக்கம் திரும்பும், பாம்பு எந்த வளையில படுக்கும், எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அலகுக்காரனுக்கு அத்திப்பழத்தைத் தவிர என்ன தெரியும்? அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் உங்க பிள்ளை தேவை. உங்க பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

பிள்ளைகளே, புகழ்ச்சியில் பாதி உண்மை கலந்திருந்தால் அது உடனே செரித்துவிடும். தும்பைக்கும் செரித்துவிட்டது.

வளைக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். "நாளையிலிருந்து நொச்சி பள்ளிக்கூடம் போக வேண்டாம். நானே சொல்லிக் கொடுக்கிறேன்."

கருவேலன் கடித்துக்கொண்டிருந்த கிழங்கைக் கீழே வைத்தான். "நீ படுத்து வாங்கின இடம் அது."

"இடம் வாங்கினேன். என் பிள்ளையை அசிங்கப்படுத்துறதுக்கு வாங்கல."

"உங்க அண்ணன்..."

"அண்ணனை இழுக்காதீங்க! மரத்துக்குப் பின்னால உட்கார்ந்து என் பிள்ளை என்ன படிச்சா? 'முள்ளு' என்கிற பேரைப் படிச்சா. அதை நம்ம வளையிலேயே இருந்தா மறந்துடுவா."

"உன் அளவுக்கு அந்த வாத்தியாருக்கு வராதுதான். அதை ஒத்துக்குறேன்" என்றான் கருவேலன். "ஆனா அங்கே இருக்கிற ஏதோ ஒண்ணு நம்ம வளையில இல்லை. என்னன்னு சொல்லத் தெரியல."

"சொல்லத் தெரியாததை வைச்சு வாதம் பண்ணாதீங்க."

கருவேலன் மறுபடியும் கிழங்கை எடுத்தான். தும்பை போராட்டக்காரி. வாதத்தில் அவளை வென்றவர் அந்தக் காட்டில் இல்லை.

மறுநாள் வளைப் பள்ளி தொடங்கியது. தும்பை உண்மையிலேயே நல்ல ஆசிரியை. மண்ணை மோந்து கிழங்கின் வயதைச் சொல்லக் கற்றுக்கொடுத்தாள். எலும்பைக் கொறித்துப் பல்லைத் தீட்டக் கற்றுக்கொடுத்தாள். பகைவன் வந்தால் முகத்தைக் காட்டாமல் முதுகைத் திருப்பி, பின்பக்கமாகப் பாயக் கற்றுக்கொடுத்தாள். காட்டின் குரல்கள் எல்லாவற்றையும் தானே கத்திக் காட்டினாள்.

"இது யாரு?"

"மந்தி. சிறுத்தையைப் பார்த்திருக்கு."

"இது?"

"மயில். பாம்போ நாயோ, தரையில வர்ற ஆபத்து."

"இது?"

"மான். ஆனா உங்களுக்கு மான் மாதிரி குரைக்க வரலம்மா. தும்மல் மாதிரி இருக்கு."

வளைக்குள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நொச்சி தலை நிமிர்ந்து நடந்தாள். மருத மரத்தடியில் படித்த எந்தப் பிள்ளைக்கும் அவளுக்குத் தெரிந்ததில் பாதி தெரியாது. இதையும் நான் மறைக்க மாட்டேன். உண்மை உண்மைதான்.

தும்பை செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்ற முள்ளம்பன்றித் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மருத மரத்துக்குப் பின்னால் புல் முளைத்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே, அவங்களுக்குப் படிப்பு பிடிக்காதுன்னு" என்றது காட்டுக்கோழி.

நொச்சிக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. பள்ளியில் அல்லி என்ற மான்குட்டி அவளோடு பேசும். மரத்தைச் சுற்றி வந்து, வாத்தியாருக்குத் தெரியாமல் அவளருகில் கொஞ்ச நேரம் உட்காரும். இப்போது அல்லியைப் பார்க்க வழியில்லை. அந்தி நேரத்தில் மான்கள் துறையோரப் புல்வெளிக்கு வரும்போது, நொச்சி ஒரு புதரடியில் நின்று தூரத்திலிருந்தே பார்ப்பாள்.

அப்படி ஓர் அந்தி. மந்திகள் உறங்கும் மரத்துக்கு ஏறிவிட்டன. மயில்கள் அடைந்துவிட்டன. பகல் விலங்குகளின் கண் மங்கி, முள்ளம்பன்றியின் மூக்கு விழிக்கும் நேரம்.

நொச்சியின் மூக்கில் ஒரு நாற்றம் அடித்தது. சிறுத்தை! நாணல் மறைவில் வயிறு தரையில் பட ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எதிரே அல்லியும் அவள் தாயும் புல் மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

நொச்சி வாலை உலுக்கினாள். கலகல! கலகல! பின்காலால் தரையை உதைத்தாள். கலகல!

தாய் மான் தலை தூக்கியது. "என்ன சத்தம் அது?"

"முள்ளம்பன்றி" என்றது பக்கத்தில் மேய்ந்த இன்னொரு மான். "கோபம் வந்தா அப்படித்தான் சிலுப்பும். பள்ளிக்கூடத்தையே உதறிட்டுப் போன குடும்பம் இல்லையா? நம்ம மேல என்ன கடுப்போ!"

"ஏன் வம்பு? அல்லி, அந்தப் பக்கம் வா. நாணல் பக்கமாப் போயிடுவோம்."

"அம்மா, அது நொச்சி..." என்றது அல்லி.

"யாரா இருந்தா என்ன? குத்திடும். வா!"

நொச்சி இன்னும் பலமாக உலுக்கினாள். அவள் உலுக்க உலுக்க, மான்கள் அவளுக்குப் பயந்து நாணலை நோக்கி ஒதுங்கின.

சிறுத்தை பாய்ந்தது. அல்லியின் பின்தொடையில் நகம் இறங்கியது. மான்கள் சிதறின. நொச்சி யோசிக்கவில்லை. ஓடினாள், திரும்பினாள், தாய் கற்றுக்கொடுத்தபடி பின்பக்கமாகப் பாய்ந்தாள். சிறுத்தையின் முன்காலில் முட்கள் கொத்தாக ஏறின. அது அலறிக்கொண்டு அல்லியை விட்டுவிட்டு, ஒரு காலைத் தூக்கியபடி நாணலுக்குள் மறைந்தது.

அலறலைக் கேட்டுத் தும்பையும் கருவேலனும் ஓடி வந்தார்கள். அல்லி புல்லில் கிடந்தாள். தொடை கிழிந்து இரத்தம் வழிந்தது. தாய் மான் அவளை நக்கிக்கொண்டே நொச்சியைப் பார்த்துக் கத்தியது.

"நீ பார்த்தியா? முன்னாலேயே பார்த்தியா? ஏன் சொல்லல?"

"சொன்னேன்!"

"எங்கே சொன்னே? முள்ளைச் சிலுப்பிக்கிட்டு எங்களை விரட்டினே!"

"அதுதான் என் குரல்!" என்று நொச்சி அழுதாள். "விரட்டல. 'சிறுத்தை, சிறுத்தை'ன்னு சொன்னேன். எனக்கு உங்க எல்லார் குரலும் தெரியும். மான் குரலும் தெரியும், மந்தி குரலும் தெரியும். என் குரல் உங்க ஒருத்தருக்குக்கூடத் தெரியலையே!"

தாய் மான் மறுபடியும் அல்லியை நக்கக் குனிந்தது. கருவேலன் மெதுவாகச் சொன்னான்.

"நம்ம வளையில இல்லாதது இதுதான், தும்பை. கேக்குற காது."

அன்று தும்பை கிழங்கு தின்னவில்லை. பள்ளியில் பெயர் கூப்பிட்டுக் கத்தவைப்பதை அவளும் வெறும் சடங்கு என்றுதான் நினைத்திருந்தாள். மற்றப் பிள்ளைகளின் காதில் ஒவ்வொரு இனத்தின் குரலும் தினமும் விழுந்து ஊற வேண்டும் என்றுதான் முன்னோர் அதை வைத்தார்கள் என்று இப்போது புரிந்தது. தன் மகளின் குரல் விழாமல் தடுத்தவர் வாத்தியார். ஆனால் அந்தப் பிள்ளையையே அந்தக் காதுகளிடமிருந்து எடுத்து வந்தது யார்? அதற்கும் அவளுக்குப் பதில் தெரிந்தது. பிறர் மேல் குற்றம் சொல்லிப் பழகிய நாக்கால் அந்தப் பதிலைச் சொல்வது கசப்பாக இருந்தது. கசந்தாலும் விழுங்கினாள்.

விடிந்ததும் வளை வாசலில் நரி நின்றது.

"அக்கா! கேள்விப்பட்டேன். நன்றி கெட்ட காடு! உங்க பிள்ளை உயிரைக் கொடுத்துக் காப்பாத்தியிருக்கா, அந்த மான் திட்டிட்டுப் போகுதாம். இதுக்குத்தான் சொன்னேன், பிள்ளையை வளையிலேயே வைங்கன்னு. இன்னும் ஒருபடி மேலே போய், அந்திக்கு மேல வெளியிலயும் விடாதீங்க."

தும்பை நரியை நிதானமாகப் பார்த்தாள். பிறகு, கவலைப்படுகிறவள் போலக் கேட்டாள்.

"பாவம் அந்தச் சிறுத்தை. நொச்சி முள்ளு கொஞ்சம் ஆழமா இறங்கிடுச்சு. கால் எப்படி இருக்கோ!"

"அதை ஏன் கேக்குறீங்க! பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு. இராத்திரி பூரா ஒரே முனகல். நான்தான் பல்லால ரெண்டு முள்ளை..."

நரி சட்டென்று வாயை மூடியது.

"ரெண்டு முள்ளை?" என்றாள் தும்பை.

"ரெண்டு முள்ளை... பிடுங்கினாங்கன்னு... யாரோ சொன்னாங்க."

"உங்க மீசையில ஒட்டியிருக்கே, அந்த முள்ளா?"

நரி பாதத்தால் மூஞ்சியைத் துடைத்துப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. துடைத்ததே போதுமானதாக இருந்தது.

"சிறுத்தை தின்ன மிச்சம்தான் உனக்குச் சாப்பாடு" என்றாள் தும்பை. இப்போது அவள் நரிக்கு மரியாதை கொடுக்கவில்லை. "அந்தி சாய்ஞ்சா மந்தி தூங்கிடும், மயில் அடைஞ்சிடும். அதுக்கு மேல சிறுத்தை வர்றதைச் சொல்ல இந்தக் காட்டுல முள்ளம்பன்றியை விட்டா ஆள் இல்லை. எங்க குரல் யாருக்கும் தெரியாம இருக்கிற வரைக்கும் உனக்கு விருந்து. அதுக்குத்தான் அன்னைக்கு வேலி. அதுக்குத்தான் இன்னைக்குப் புகழ்ச்சி."

"அக்கா, அப்படியெல்லாம்..."

"யாருடா உனக்கு அக்கா?"

தும்பை முதுகைத் திருப்பினாள். முட்கள் நிமிர்ந்தன. நரிக்கு அந்தப் பாடம் தெரியும். வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

தும்பை வளைக்குள் திரும்பினாள். "நொச்சி, கிளம்பு. பள்ளிக்கூடம்."

நொச்சி பின்வாங்கினாள். "மறுபடியும் மரத்துக்குப் பின்னாலயா?"

"இல்லை. முன்னால."

"அவங்க சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் வாய் மூடும். அப்போ காது திறந்திருக்கும்."

"அப்போ நீங்க சொல்லிக் கொடுக்கிறது?"

"அதுவும் உண்டு. அந்தியில வளையில, காலையில மரத்தடியில. கிழங்குக்கு நான் போதும். காட்டுக்கு நான் ஒருத்தி போதாது."

கருவேலன் முன்னே போய் வளை வாசலில் கிடந்த சருகை ஒதுக்கி வழி விட்டான். வழியில் ஒவ்வொரு வளையிலும் தும்பை நின்றாள். "நிறுத்தச் சொன்னவளும் நான்தான். நான் தப்புப் பண்ணிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். ஒரு தாய், "மறுபடியும் அவமானப்பட்டா?" என்று கேட்டாள். "மறுபடியும் வழியில படுப்போம். படுக்க மறந்துபோச்சா?" என்றாள் தும்பை.

மருத மரத்தடியில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். முந்தின நாள் நடந்ததைக் கேட்டு அவர்களின் தாய் தந்தையரும் பயந்துபோய்க் கூடவே வந்திருந்தார்கள். மந்திகள், மயில்கள், காட்டுக்கோழிகள், காட்டெருமைகள் எல்லோரும் இருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில், மூன்று காலில் நின்ற அல்லியைத் தாங்கிக்கொண்டு தாய் மானும் இருந்தது.

முள்ளம்பன்றிகள் வரிசையாக உள்ளே வந்தன. தும்பை கூட்டத்தின் நடுவே போய் நின்றாள். அவள் நின்ற இடத்தைச் சுற்றி கூட்டம் தானாகவே வட்டமாக ஒதுங்கியது.

"நொச்சி, இங்கே உட்காரு."

இருவாய்ச்சி அலகைச் சொறிந்தது. "வாங்க, வாங்க. திரும்பி வந்தது சந்தோஷம். மரத்துக்குப் பின்னால உங்க பழைய இடம்..."

"பழைய இடத்துல புல் முளைச்சிருக்கு. மேயுறவங்க மேயட்டும். என் மகள் நடுவுல உட்காருவா. பேரைப் படிங்க."

"படிச்சா அந்தக் கலகலச் சத்தம் போடுமே அம்மா. சின்னப் பிள்ளைங்க பயப்படும்."

"பயப்படத்தான் வேணும். அது சிறுத்தை வருதுன்னு சொல்ற சத்தம். நேத்து இந்தக் காட்டுல யாராவது அதைக் கேட்டுப் பயந்திருந்தா, அந்தக் குழந்தைக்குத் தொடை கிழிஞ்சிருக்காது."

எல்லோரும் அல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாத்தியார் தயங்கினார். "ஆனாலும் வழக்கம்னு ஒண்ணு..."

"உங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும்" என்றாள் தும்பை. "உங்க வீட்டம்மா முட்டை வைச்சா மரப்பொந்துக்குள்ள போய், வாசலை மண்ணால பூசி அடைச்சுக்குவாங்க. ஒரு விரிசல் வழியா நீங்க பழம் ஊட்டுவீங்க. அருமையான வளர்ப்பு. நானும் அப்படித்தான் வளர்த்தேன். ஆனா இறகு முளைச்சதும் அந்த மண்ணை என்ன செய்வாங்க?"

இருவாய்ச்சி தரையைப் பார்த்தது. "உடைப்பாங்க."

"ஏன்?"

"உடைக்காட்டி குஞ்சு பறக்காது."

"நானும் உடைச்சுட்டேன். நீங்களும் உடைங்க."

காட்டுக்கோழி ஒன்று, "இவளுக்கு எப்பவும் ரகளைதான்" என்று முணுமுணுத்தது. பக்கத்திலிருந்த காட்டெருமை அதைத் திரும்பிப் பார்த்தது. கோழி வேறு பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு மண்ணைக் கிளறியது.

அப்போது தாய் மான் அல்லியை மெல்ல நடத்திக்கொண்டு வட்டத்துக்குள் வந்தது. முட்களுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பயம் அதன் தோலில் ஓடுவது தெரிந்தது. இருந்தும் விலகவில்லை.

"படிங்க, வாத்தியாரே" என்றது. "நேத்து அந்தக் குரலை நான் கேட்டேன். கேட்டும் எனக்கு விளங்கல. என் பிள்ளைக்காவது விளங்கட்டும்."

அல்லி நொண்டி நொண்டி வந்து நொச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மந்திக் குட்டி கொட்டை ஒன்றைக் கையில் எடுத்தது. அதன் தாய் அந்தக் கையைப் பிடித்துக் கொட்டையைப் பிடுங்கி எறிந்தது. மரத்தடியில் பேச்சு அடங்கியது.

"எங்கேயிருந்து தொடங்கட்டும்?" என்று இருவாய்ச்சி கேட்டது.

"விட்ட இடத்திலிருந்து" என்றாள் தும்பை. "தாய் பேரோட, எல்லார் காதுலயும் விழுற மாதிரி."

இருவாய்ச்சி வாத்தியார் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆற்றின் அக்கரையிலும் கேட்கும்படி, அத்தனை பேர் முன்னிலையில் வாசித்தார்:

"தும்பை மகள் நொச்சி!"

நீதி: ஊரின் குரலை வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்; நம் குரலை ஊர் கற்க வேண்டுமானால், ஊர் நடுவே போய்த்தான் உட்கார வேண்டும்.